மாமியார் பார்த்த முதல் எபிசோடு

சீரியல் எழுதுகிறவனுக்குச் சொந்த பந்தத்தில் மரியாதை கிடைப்பது கொஞ்சம் கஷ்டம்தான். டாக்டராக இருந்தால் நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். வக்கீலாக இருந்தால் வாடகைத் தகராறைக் கொண்டுவருவார்கள். என் தொழிலில் மட்டும் எல்லோருக்கும் என்னைவிட அதிகம் தெரியும், அதிலும் என் மாமியாருக்கு.

அவர் கெட்டவர் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எனக்குப் பெண்ணைக் கொடுத்தவர். வீட்டுக்குப் போனால் டீ போட்டுத் தருவார். டீயோடு நாலு வார்த்தையும் தருவார். "மாப்ள, உங்க சீரியல் ஆரம்பிச்சிருக்கே, பாத்தேன். ஆறு பேர் வரிசையா வந்து நான்தான் மூத்தவன், நான்தான் இளையவன்னு சொல்லிட்டுப் போறாங்க. இது கதையா, அட்டெண்டன்ஸ் எடுக்கறதா?" அது என்னுடைய முதல் தொடர். அடுத்ததில் கதாநாயகி முதல் காட்சியிலேயே தேம்பித் தேம்பி அழுதாள். "யாருன்னே தெரியாத பொண்ணு அழுதா எனக்கென்ன? பக்கத்து வீட்டுல அழுதாலாவது எட்டிப் பாக்கலாம்" என்றார். அதற்கடுத்ததில், எடுத்த எடுப்பில் ஒரு வீட்டையே கொளுத்திக் காட்டினோம். நெருப்பு அணைந்ததும் சேனலை மாற்றிவிட்டாராம். "அதுக்கப்புறம் எதுக்கு உக்காந்திருக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

அவர் சொன்னது எல்லாமே சரி என்பதுதான் எரிச்சல். ஒரு முதல் எபிசோடு ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்க, சேனல் அலுவலகத்தில் கண்ணாடி அறைக்குள் கூட்டம் போடுவார்கள். நிகழ்ச்சித் தலைவர் காற்று போதவில்லை என்பார். கதாநாயகியின் கூந்தல் இன்னும் கொஞ்சம் பறந்திருக்க வேண்டுமாம். இயக்குநர் பின்னணி இசையைக் குறை சொல்வார், இசைக்காரர் என்னைக் குறை சொல்வார். தட்டிலிருக்கும் பிஸ்கட் தீர்ந்ததும் கூட்டம் கலையும். டீ ஆறுவதற்குள் என் மாமியார் சொல்லிவிடுகிற விஷயத்தை அங்கே ஒருவரும் சொன்னதில்லை.

அவருக்குப் பிடிக்காவிட்டால் போகட்டும் என்று இருந்திருப்பேன். ஆனால் அவர் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. "அது கரண்ட் ஏறி இறங்காம பாத்துக்கும்" என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் என் மனைவி வாய்தவறி உளறிவிட்டாள். யார் எந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கம்பெனி, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகளில் மட்டும் ரகசியமாக வைக்கிற பெட்டி அது. அந்த வீடு பார்த்தால் ஆயிரக்கணக்கான வீடுகள் பார்த்ததாகக் கணக்கு. அந்த வீடு சேனலை மாற்றினால் ஆயிரக்கணக்கான வீடுகள் மாற்றியதாகக் கணக்கு. டிவிக்காரர்களின் உறவினர் வீட்டில் அதை வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. கம்பெனிக்காரர் வந்து விசாரித்தபோது என் மாமியார் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: "எங்க மாப்பிள்ளை எந்த வேலையும் செய்யறதில்ல."

அவர் அதைப் பொய் என்று நினைத்திருக்க மாட்டார்.

ஊரே என்னைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்து நான் சாப்பாடு இறங்காமல் கிடந்த நாட்கள் உண்டு. அந்த ஊரில் பெரும்பங்கு ஒரே சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் என் மனசு விட்டுப் போயிற்று. ஆனாலும் நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனால் வழக்கம்போல டீ குடித்துவிட்டு வந்தேன்.

புதுத் தொடர் ஆரம்பிக்கும் முன் நிகழ்ச்சித் தலைவர் என் தோளில் கை போட்டார். "சார், இதுவும் மொத நாளே படுத்துடுச்சுன்னா நீங்க சோப்பு விளம்பரத்துக்கு எழுதப் போயிடலாம். அதுவும் நல்ல வேலைதான்." எனக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. சோப்பைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆகவே அவரிடம் சண்டை போட்டு ஒன்றே ஒன்று வாங்கினேன். முதல் நாள் நடுவில் விளம்பரம் வரக் கூடாது. விளம்பரம் வந்தால்தான் என் மாமியாரைப் போன்றவர்கள் ரிமோட்டைத் தேடுவார்கள்.

அன்று மாலை என் மனைவிக்கு மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நான் மட்டும் மாமியார் வீட்டுக்குப் போனேன். ரிமோட் அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அதற்குச் சட்டத்தில் ஏதாவது பிரிவு இருந்தால் சொல்லுங்கள். அந்தப் பெட்டிக்கென்று தனியாக ஒரு குட்டி ரிமோட் உண்டு. பார்க்க உட்காருகிறவர் அதில் தன் பட்டனை அமுக்க வேண்டும். அவ்வப்போது பெட்டியின் விளக்கு கண் சிமிட்டும். இன்னும் இருக்கிறீர்களா என்று கேட்கிறதாம். மறுபடி அமுக்கினால் நம்பிவிடும். மாமியார் தன் பட்டனை அமுக்கினார், தொடர் ஆரம்பித்தது. டிவி ரிமோட்டை நான் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

முதல் காட்சியில் ஒரு பெண் மூடிய கடையின் ஷட்டரைத் தட்டுகிறாள். உள்ளே ஆள் இருக்கிறது, திறக்கவில்லை. மாமியார் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பரவால்லையே மாப்ள. இவளுக்கு என்ன வேணும்னு புரியுது." கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயால் நான் கேட்ட முதல் பாராட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, இதைச் சொல்ல வெட்கமில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். அவருக்கு இதயக் கோளாறு உண்டு. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை, சமையலறைக் கதவில் மாட்டியிருக்கும் கைப்பையில் இருக்கும். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். "மாப்ள, அந்தப் பையை எடுங்க" என்றார். "இதோ அத்தை, விளம்பரம் வரட்டும்" என்றேன். எல்லா வீட்டிலும் எல்லோரும் சொல்கிற பதில்தானே? அன்றைக்கு விளம்பரமே கிடையாது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்குள் கதாநாயகியின் அண்ணன் வந்துவிட்டான். அந்தக் காட்சியில் நான் எழுந்து போயிருந்தால் அவர் கவனமும் கலைந்திருக்கும்.

மறுபடி கூப்பிட்டார். "மாப்ள... அவளுக்கு ஒரு போன் போடுங்க." தன் மகளைத்தான் சொன்னார். போன் பேசிக்கொண்டே தொடர் பார்ப்பதுபோல எழுதுகிறவனை அவமானப்படுத்தும் காரியம் வேறில்லை. எழுந்து அவருடைய போனைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தேன். போகிற வழியில்தானே அந்தப் பை தொங்கியது என்று நேற்று ஸ்டேஷனில் நீங்கள் சுட்டிக்காட்டினீர்கள். உண்மைதான். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை அது என் தோளில் உரசியது.

எதிர்வீட்டு அக்கா மணி அடித்தார். ஏதோ முனகல் சத்தம் கேட்டதாம். "அத்தை சீரியல் பாக்கறாங்க" என்றேன். "உங்களுதா? அடேங்கப்பா, மாமியாரையே உக்கார வச்சிட்டீங்களே" என்று சிரித்துக்கொண்டே போனார். இப்போது உங்களிடம் வந்து அழுகிறாராம். அன்றைக்கு அவருக்கும் தன் வீட்டு டிவியை விட்டு வந்த அவசரம்.

பிறகு பெட்டியின் விளக்கு கண் சிமிட்டியது. மாமியாரின் கை சோபாவிலிருந்து கீழே தொங்கியது. அவருடைய பட்டனை நான் அமுக்கினேன். இன்னொரு முறை சிமிட்டியது, அப்போதும் அமுக்கினேன். உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான். உயிர் போனதாக டாக்டர் எழுதிய நேரத்துக்குப் பிறகும் அவர் தொடர் பார்த்ததாகப் பெட்டி சொல்கிறது.

மாத்திரை கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்பது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். என் மாமியாரைச் சாகவிட்டது நான்தான். அடித்து உதைத்துக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்த வாரத்துக் கணக்கு வந்தபோது, வயதான பெண்கள் மத்தியில் என் தொடர்தான் முதலிடம். கூந்தலுக்குக் காற்றைக் கூட்டியது வேலை செய்துவிட்டது என்று நிகழ்ச்சித் தலைவர் கண்ணாடி அறையில் எல்லோருக்கும் கை கொடுத்தாராம். எனக்கு மாலை வாங்கி வைத்திருந்தார்கள். வீட்டில் துக்கம் என்று சொல்லி நான் போகவில்லை.

என் மனைவி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அம்மா என்னைக் கேட்டாங்களா?" என்றாள். "இல்லம்மா, கதையில மூழ்கிட்டாங்க" என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருக்குமே என்றுதான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

நீங்கள் எழுதி வைத்திருக்கும் எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். டாக்டர் குறித்திருக்கும் அந்த நேரத்தை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அண்ணன் வரும் காட்சி முடிவதற்குள்ளேயே அவர் உயிர் பிரிந்துவிட்டது என்கிறார். டாக்டருக்கு வைத்தியம் தெரியலாம், பார்வையாளரைப் பற்றி என்ன தெரியும்? பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் நான். கடைசியில் பெயர்கள் ஓடி முடிகிற வரைக்கும் என் மாமியார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.