அடிபட்டவருக்கு மேல்பக்கம் நின்றவர்

அமார்கோ பனிச்சறுக்கு மலையின் மேலாளர் தோன் எரிபெர்த்தோ அவர்களே, பயிற்றுநர் சங்கத் தலைவி தோன்யா கிரிசெல்தா அவர்களே, ஊர் மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும் டாக்டர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் நேலிதாவின் கணவர் ஃபெர்மின், அவர்களுடைய அன்பு மகள் அபிகாயில், பனியிலிருந்து நேராக வந்து ஈர பூட்ஸோடு சுவரோரம் நிற்கும் என் தோழர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நான் லியாந்த்ரோ. மலையில் மீட்புக் குழுவுக்குப் பொறுப்பு எனக்கு. வாக்கிடாக்கியில் பேசித்தான் பழக்கம், மைக் எனக்கு வராது. இந்தக் கூடத்தில் யாராவது பேச வேண்டும் என்றால் நேலிதாதான் எழுந்து வருவார். இன்று அவரைப் பற்றி நான் பேச நிற்கிறேன். இப்படி ஒரு நாள் வரும் என்று யார் நினைத்தோம்!

நம் தலைமைப் பயிற்றுநர் நேலிதா ஓயார்சோ இறந்துவிட்டார். இந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்வதற்கு எனக்கு நான்கு நாள் ஆகியிருக்கிறது.

அவர் பிடிவாதக்காரர். இல்லை என்று இங்கே யாராவது சொல்ல முடியுமா? பயிற்றுநரானாலும் ஹெல்மெட் இல்லாமல் சரிவின் உச்சிக்குக் கொண்டுபோகும் லிஃப்டில் ஏற விடமாட்டார். தலையில் அடிபட்டால், அது சின்ன அடியோ பெரிய அடியோ, அன்றைக்குச் சறுக்குப் பலகையைக் கழற்றிவிட வேண்டும். வகுப்பை வேறொருவர் எடுக்க வேண்டும். அந்த நாள் சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது. இந்தக் கடைசி ஒன்றுக்காக அவர் எத்தனை பேரிடம் சண்டை போட்டார் என்பது சங்கத் தலைவிக்குத் தெரியும்.

ஏன் அந்தப் பிடிவாதம்? புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நேலிதா வேலைக்கு வந்த முதல் பருவத்தில் அமில்கார் என்றொரு பயிற்றுநர் எங்களோடு இருந்தான். விழுந்தான், தலை பனிக்கட்டியில் மோதியது. எழுந்து சிரித்தான், வகுப்பை முடித்தான், எங்களோடு உட்கார்ந்து சூப் குடித்தான், தூங்கப் போனான். மறுநாள் எழுந்திருக்கவில்லை. கல்லறையில் நாங்கள் எல்லோரும் அவனை வீரன் என்று பேசினோம். நேலிதா மட்டும் என் காதருகே சொன்னார்: “வீரன்லாம் இல்ல லியாந்த்ரோ. அவன யாருமே ஒக்கார வெக்கல. அதான் நடந்துச்சு.”

அன்றிலிருந்து அவர் எங்களை உட்கார வைத்தார்! அதோ, ததேயோ நிற்கிறான். ஒரு நாள் காலையில் லிஃப்ட் கம்பத்தில் மோதிவிட்டு, எனக்கு ஒன்றுமில்லை, வகுப்புக்குப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். நேலிதா கோபப்படவில்லை.

“சரி ததேயோ. மத்தியானம் என்ன சாப்ட்ட?”

“ஆட்டுக்கறி. நல்லா சுட்டது.”

“மணி இன்னும் பத்தே ஆவல. ஏறிப் படு ராசா.”

சிரியுங்கள், பரவாயில்லை. இந்தக் கதையை அவரே சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆனால் அன்று ததேயோவை ஸ்ட்ரெச்சரில் கட்டியதும், ஒவ்வொரு வாரையும் அவர் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

தோன் எரிபெர்த்தோ அவர்களே, உங்கள் கதையும் உண்டு. கோபித்துக்கொள்ளக் கூடாது. பனி விழுவதற்கு முன்னால், நம் பக்கம் குளிர்காலம் தொடங்கும் ஜூன் மாதத்தில், வெறும் தரையில் எங்களுக்கு மீட்புப் பயிற்சி நடக்கும். புது ஸ்ட்ரெச்சர் கேட்டோம். “இருக்கறதுக்கு என்ன கொறச்சல்?” என்றீர்கள். “ஒரு தடவ படுத்துப் பாருங்களேன்” என்றார் நேலிதா. டையோடும் கோட்டோடும் உங்களைப் படுக்க வைத்து, வார்களை இறுக்கி, கார் நிறுத்துமிடத்துச் சரளைக்கல் மேல் ஒரு சுற்று இழுத்து வந்தார். “போதும்மா, போதும்! வாங்கித் தொலைக்கிறேன்!” என்று நீங்கள் போட்ட சத்தம் ஊர்வரைக்கும் கேட்டது. வாங்கியும் கொடுத்தீர்கள். அதில்தான் போன வெள்ளிக்கிழமை உலிசெஸை நான் கீழே கொண்டுவந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள். நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன்.

உலிசெஸ் மான்சியா புதிதாகக் கற்க வந்த பிரேசில்காரர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தான். காற்று ஏறிக்கொண்டிருந்தது. ஒருத்தி தடுமாறி வர, அவளைப் பிடிக்கப் போய் இவன் விழுந்தான். முழங்கால் முறுக்கிக்கொண்டது. அந்த வழியாக வந்த நேலிதா, நமக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததை வரிசை மாறாமல் செய்தார். தன் பலகைகளைக் கழற்றி, எச்சரிக்கை அடையாளமாகச் சரிவின் மேல்பக்கத்தில் குறுக்காக நட்டார். வகுப்பை ஓரமாக, மேலிருந்து வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் நிறுத்தினார். என்னைக் கூப்பிட்டார். பிறகு உலிசெஸுக்கு மேல்பக்கம் போய், இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார்.

நான் ஸ்ட்ரெச்சரோடு இறங்கும்போது, எனக்கு முன்னால் ஒரு ஆள் கட்டுப்பாடு இழந்து நேராக அவர்களை நோக்கிப் போவதைப் பார்த்தேன். நேலிதா கத்தினார், கையை ஆட்டினார். அவனால் திரும்ப முடியவில்லை. அவர் ஒரு அடி நகர்ந்திருந்தால் அவன் உலிசெஸ் மேல் போய் விழுந்திருப்பான். அவர் நகரவில்லை! அவன் தோள் அவருடைய இடது விலாவில் இடித்தது. இருவரும் உருண்டார்கள்.

நான் போய்ச் சேர்வதற்குள் அவர் எழுந்து உடம்பிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தார். மோதியவனிடம் முதலில் பேசினார்: “ஒனக்கு ஒண்ணும் ஆவலயே?” பிறகு என்னிடம், “உலிசெஸ ஏத்து, கால் சில்லிட்டுப் போச்சு” என்றார்.

“நேலி, நீ நல்லாருக்கியா?” என்று கேட்டேன்.

“நல்லாதான் இருக்கேன்.”

ஸ்ட்ரெச்சரில் கிடந்த உலிசெஸ் அவர் கையை விடவில்லை. “தோன்யா நேலிதா, நீங்களும் வாங்க. டாக்டர்கிட்ட காட்டிருங்க.”

“இவங்கள யாருடா கீழ எறக்கறது? ஒருத்திக்கு நிக்கவே வரல. நீ போ, வந்துடறேன்.”

வந்தார். காற்றில் பனி பறந்து முகம் தெரியாத அந்தச் சரிவில், பயந்துபோன ஆறு பேரையும் படிப்படியாக, ஒருவர் பின் ஒருவராக இறக்கிக் கொண்டுவந்து சேர்த்தார். பயிற்றுநர் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். கிரிசெல்தா சூடாக மாத்தே தேநீர் போட்டுக் கையில் கொடுத்தார். அவர் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. “தோள் வலிக்குது” என்றார். சாய்ந்துவிட்டார்.

மண்ணீரல் கிழிந்திருந்தது. அந்த வலி தோளில்தான் தெரியுமாம். ஊர் மருத்துவமனையில் டாக்டர்கள் விடவில்லை, கடைசிவரை போராடினார்கள். காப்பாற்ற முடியவில்லை.

இப்போது ஊரில் ஒரு பேச்சு நடக்கிறது. மளிகைக் கடையில் என் காதிலும் விழுந்தது. “அடிபட்டா மறைக்காதன்னு ஊருக்கெல்லாம் சொன்னவ, தான் மறைச்சுட்டாளே!” மறைத்தாரா? டாக்டரைக் கேட்டேன். அடிபட்ட வேகத்தில், குளிரில், ஆரம்பத்தில் வலி தெரியாமலே போகலாம் என்றார். தெரிந்தும் அந்த ஆறு பேருக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். எது உண்மை? எனக்குத் தெரியாது. ஃபெர்மினுக்கும் தெரியாது. அவரைக் கேட்கவும் முடியாது. ஆகவே அவரைப் புனிதர் ஆக்கவும் மாட்டேன், குற்றம் சொல்லவும் விடமாட்டேன்.

ஒன்று மட்டும் தெரியும். நம்முடைய விதிகள் அடிபட்டவரைப் பார் என்கின்றன. உதவிக்கு வந்தவரைப் பார் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. உதவிக்கு வருகிறவர் நல்லாயிருக்கேன் என்றுதான் சொல்வார்! வேறு என்ன சொல்வார்? அந்த வார்த்தையை நம்பி நாம் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறோம்.

நேற்று உலிசெஸின் கட்டிலைச் சுற்றி நாங்கள் எல்லோரும் கூடி ஒரு புது விதி முடிவு செய்தோம். மோதலில் இடிபட்டவர் யாராக இருந்தாலும், தலைமைப் பயிற்றுநரே ஆனாலும், நானே ஆனாலும், அவர் வாய்ப்பேச்சைக் கேட்பதில்லை. கீழே கொண்டுவந்து டாக்டர் கையில் ஒப்படைப்பது. ஒவ்வொரு லிஃப்டிலும் வகுப்பை ஏற்றுக்கொள்ள ஒரு பயிற்றுநர் காத்திருப்பது. தோன் எரிபெர்த்தோ அவர்களே, அதற்கு ஆள் வேண்டும். நீங்கள் தலையசைப்பதை இந்த அவை பார்க்கிறது. நன்றி.

இந்த விதிக்கு நேலிதாவின் பெயரை வைக்கலாம் என்று ஃபெர்மினிடம் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “பேரெல்லாம் வேணாம். பலகைல எழுதி மாட்டுவீங்க, அடுத்த வருஷம் அதுமேல கோட்டத் தொங்க விடுவீங்க. செய்யுங்க, போதும்.”

ஃபெர்மின், பலகை மாட்டமாட்டோம்.

தோழர்களே, நாளைக் காலை மலையைத் திறக்கிறோம். காற்று தணிந்துவிட்டது, புதுப் பனி விழுந்திருக்கிறது. நம்மில் யாரோ ஒருவர் நாளையோ நாளை மறுநாளோ விழத்தான் போகிறார். “எனக்கு ஒண்ணுமில்ல, விடு” என்று சொல்லத்தான் போகிறார். அப்போது பக்கத்தில் இருப்பவர் விடக்கூடாது. திட்டினாலும் விடக்கூடாது. தள்ளினாலும் விடக்கூடாது. பிடித்து உட்கார வையுங்கள்.

நேலி, நீ போ. வகுப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.