கருவாட்டுப் பானை

— துணிப் பைய கீழ வைடி சங்கவி. நான் இன்னும் சரின்னு சொல்லல.

— டாக்டரு சொல்ட்டாரும்மா. காலேஜுல சேரலாம், படூர் ஹாஸ்டல்லயே தங்கலாம், மாத்திரைய மட்டும் ஒழுங்கா போட்டுகினா போதும்னு.

— த பாரு, அந்தாளு பேச்ச எடுக்காத. எத்தினி வருசமா உன்னைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு அலையறேன்! பதினெட்டு ஆச்சின்னு பெரியவங்க ஓபிக்கு மாத்துன ஒடனே, "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா"ன்றாரு. பெத்தவள வெளிய உக்கார வெச்சிட்டு அப்பிடி இன்னா பேசுனீங்க?

— உனக்கு இன்னா வேணும்னு கேட்டாரும்மா. அத யாருமே என்னாண்ட கேட்டதில்ல.

— ஆமா, நான் கேக்கல. மீன் கூடையையும் தூக்கிகினு உன்னையும் பாத்துகினு இருந்தேன். கேக்க எங்க நேரம்?

— கோச்சிக்காதம்மா. ரூம்ல என்கூடப் படிச்ச வினிதாவும் இருப்பா. எனக்கு இன்ன வியாதின்னு அவகிட்ட சொல்ட்டேன். நான் தூங்காம பொலம்ப ஆரம்பிச்சா உனக்கு ஃபோன் போடுவா.

— ஐயோ, வெளிய சொல்ட்டியா! நாளைக்கு உன்னை எவன் கட்டுவான்?

— கட்டுறவன்கிட்டயும் நானே சொல்வேன். மொதல்ல படிக்கிறேன், ஓகேவா?

— வாய் நல்லா கீது. ப்ளஸ் ஒன் படிக்கசொல்ல மாத்திரைய துப்பிட்டு, அலை உன் பேரச் சொல்லிக் கூப்புடுதுன்னு இடுப்பளவு தண்ணியில நின்னியே, ஞாபகம் கீதா? சதுரங்கப்பட்டினமே கரையில நின்னு வேடிக்க பாத்துச்சி. உங்க நைனா வலையப் போட்டுட்டு ஓடியாந்து தூக்குனாரு.

— ஞாபகம் கீதும்மா.

— அதுக்கப்புறம் மாத்திரைன்னாலே வாயத் தொறக்காதவ நீ. தானா சரியாச்சின்னு நெனச்சிகினியா? பொடி பண்ணி உன் டீயில கலந்து குடுத்துகினு கீறேன்டி! சொல்லவே கூடாதுன்னு இருந்தேன்.

— தெரியும்.

— இன்னா தெரியும்?

— எவ்ளோ வெல்லம் போட்டாலும் அடியில கசந்துச்சி. மொதல்ல ஆத்திரமா வந்துச்சி, உன் மூஞ்சிலயே ஊத்தலாம்னு. ஆனா குடிக்கக் குடிக்க அந்தக் கொரலுங்க அடங்கிச்சி, தூக்கம் வந்துச்சி. அதான் குடிச்சேன். இனிமே தண்ணி ஊத்தி முழுசாவே முழுங்கறேன், எல்லாரும் பாக்கவே.

— அடி கல்லுளிமங்கி! ஒரு வார்த்த சொன்னியா? சரி, நான் கலந்தேன், நீ குடிச்ச. படூர்ல எவ கலப்பா?

— எவளும் கலக்க வேணாம்.

— உன்னால முடியாதுடி. ஐப்பசி மழையில நான் ஜுரத்துல கண்ணு தொறக்காம கெடந்தேனே, அத்தினி நாளும் உனுக்கு மாத்திரையே கெடையாது. தூக்கிப் போடற ஜுரத்துலயும் உன்ன நெனச்சிதான் அழுதேன். கங்கையம்மன் புண்ணியம், உனுக்கு ஒண்ணும் ஆவல. எப்பவும் அவளே வந்து நிப்பாளா?

— நைனாவ கலக்கச் சொல்லிருக்கலாமே?

— அவரு வாயில எது நிக்கிது? மாத்திரைய வெச்ச எடமே யாருக்கும் தெரியாது. கருவாட்டுப் பானைக்குள்ள, அடியில. கருவாடுன்னாலே கொமட்டிகினு தெருவுக்கு ஓடுறவ, நீ எங்க அதத் தொடப் போற?

— நீ ஜுரத்துல கெடக்கசொல்ல வூட்ல டீ யாரும்மா போட்டா?

— நீதான். எனக்கும் உனக்கும் நீதான் போட்ட...

— அம்மன் இல்லம்மா. நீ ஒளிச்சி எடுக்கறத எப்பவோ பாத்துட்டேன். மூக்கப் பொத்திகினு அந்தப் பானைக்குள்ள கைய வுட்டு, ஒரு நாளு வுடாம நாந்தான் எடுத்துப் போட்டுகினேன்.