ஒரு படின்னா இஸ்பேட்

— கடைசிக் கையிலே தப்பு உங்களோடதுதான்னா. என்னோடது இல்லே.

— சரி, என்னோடதுதான். பிரிட்ஜ் போட்டிக் கப் போச்சு, போகட்டும். ட்ராம்ல வெச்சு மானத்தை வாங்காதே.

— கல்கத்தாவிலே, காளிகாட் ட்ராம்ல யாருக்குத் தமிழ் தெரியும்? ஏலத்துல நீங்க ஒரு படி ஏறினேள். "உங்கிட்ட எந்த ஜாதிச் சீட்டு நெறைய இருக்கு?"ன்னு என்னைக் கேக்கறதா அதுக்கு அர்த்தம். நானும் பதிலுக்கு ஒரு படி ஏறினேன். ஒரு படின்னா என்ன?

— கிளாவர்.

— அது போன வாரம் வரைக்கும். வரிசையைத் தலைகீழா மாத்தினது யாரு? "இனிமே ஒரு படின்னா இஸ்பேட், நாலு படின்னாதான் கிளாவர்"னு திங்கக்கிழமை காபியை ஆறவிட்டுண்டு பாடம் நடத்தினது யாரு?

— நான்தான் ஜலஜா. மறந்துபோச்சு.

— உங்களுக்கா! பிரிட்ஜ் புஸ்தகமெல்லாம் தப்புன்னு தானே ஒரு ஏல முறை கட்டின மனுஷர் ஆச்சே. எங்கிட்ட ஒரே ஒரு கிளாவர். நீங்க ஆறு கிளாவர்னு ஏலம் கேக்கறேள். எதிர் ஜோடி சந்தானம் வாய்விட்டுச் சிரிச்சார்.

— சிரிச்சுட்டுப் போறான்.

— நாலு வருஷமா நீங்க கேக்கறேள், நான் சொல்றேன். கேக்கறவர் தன் கையைக் காட்டவே வேண்டாம், அதானே உங்க முறை? இன்னிக்கு நான் கேக்கறேன். ஆபீஸ்லேர்ந்து நேரே கிளப்புக்கு வந்தேள். அப்போலேர்ந்து கோட்டுப் பையை ஏன் தடவிண்டே இருக்கேள்?

— ஒண்ணுமில்லே. பொடி டப்பி.

— பொடி டப்பியைக் காலம்பற ஆத்துலேயே வெச்சுட்டுப் போயிட்டேள். அது தந்தியா?

— ஆத்துக்குப் போய்ப் பேசலாமே, ஜலஜா.

— இங்கேயே சொல்லுங்கோ. நான் ஒவ்வொரு படியா ஏறறேன், நீங்க பதில் சொன்னாப் போறும். கும்பகோணத்துலேர்ந்தா?

— ஆமா. மாப்பிள்ளை அடிச்சிருக்கார்.

— நம்ம பொண்ணுக்குப் பிரசவம் ஆயிடுத்தா?

— ஆயிடுத்து. பெண் குழந்தை.

— குழந்தை எப்படி இருக்கு?

— சௌக்கியமா இருக்கு.

— அடுத்த படி ஏறிட்டேன். சொல்லுங்கோ.

— கேக்காதேடி.

— சொல்லுங்கோன்னா.

— நம்ம அனந்தலக்ஷ்மி போயிட்டாடி.

— ம்.

— ஒரு மணிக்குத் தந்திக்காரன் ஆபீஸ்ல கொண்டுவந்து குடுத்தான். மெட்ராஸ் மெயில் ராத்திரிதானே, அதுவரைக்கும் உன்னை எதுக்கு அழவிடணும், மூணு மணி நேரமாவது நீ சிரிச்சிண்டு உக்காந்திருக்கட்டும்னு... எதிர்ல உன் மூஞ்சியைப் பாத்தா சீட்டே தெரியலே. கறுப்பு எது, சிவப்பு எதுன்னே தெரியலே. பாவி நான்.

— அழாதேங்கோ. எல்லாரும் பாக்கறா.

— எழுந்திரு, எறங்கணும். ஆத்துக்குப் போனதும் பெட்டி கட்டணும்.

— பெட்டி கட்டி வெச்சுட்டுத்தான்னா கிளப்புக்கு வந்தேன். ஆத்துக்கும் ஒரு தந்தி வந்தது, எதிராத்து பெங்காலி மாமி, போஸ் பௌதி, படிச்சுச் சொன்னா. நாலு வருஷமா ஏங்கின கப்பாச்சே, அதை நீங்க கையிலே வாங்கினப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தேன்.