சோம்பேறியின் அடிப்பலகை

காபி ஆறிடும், முதல்ல குடிச்சிடும்மா. கப்பலோட வரலாறுன்னா நிதானமாத்தான் சொல்லணும். ஏரிக்கு அடியிலேருந்து அதைத் தூக்கிட்டாங்க, அருங்காட்சியகத்துக்கு எழுதித் தரணும்னு சந்தோஷமா வந்திருக்கே. கேட்டுக்கோ.

அந்தப் பாய்க்கப்பலுக்கு ஊர் வெச்ச பேரு சோம்பேறி. காத்தடிச்சாத்தான் நகரும், அதுவும் மனசு வந்தாத்தான். அக்கரைக்கு மரமும் செங்கல்லும் ஏத்திட்டுப் போகும். ஓட்டினது உங்கப்பா, என் தம்பி. பலகையைப் பார்த்துக்கிட்டது நான். நான் செஞ்ச வேலையை அவன் ஒருநாளும் சரிபார்த்ததில்லை. "எங்கண்ணன் அடைச்ச இடத்துல எறும்புகூட நுழையாது"ன்னு எல்லார்கிட்டயும் பீத்திக்குவான்.

அந்தக் கோடையில அக்கரையிலயே வீடு பார்த்துட்டான். முதல்ல சாமான்களைக் கப்பல்ல கொண்டுபோய் இறக்கிட்டு, அப்புறம் வந்து உன்னையும் உங்கம்மாவையும் கூட்டிட்டுப் போறதா ஏற்பாடு. நீ அப்போ சின்னக் குழந்தை. சாப்பிடணும்னா என் மடி, தூங்கணும்னா என் தோள். எனக்கும் உங்க பெரியம்மாவுக்கும் வேற யாரு இருந்தா? "எப்பவாவது வந்து பார்த்துட்டுப் போண்ணே"ன்னான், விருந்தாளிகிட்ட சொல்ற மாதிரி. வயிறு எரிஞ்சுது.

கப்பல் ரொம்ப நாளா கரையில கிடந்ததால பலகையெல்லாம் சுருங்கி இடுக்கு விட்டிருந்துது. இடுக்குல சணலைத் திணிச்சு மேல தார் ஊத்தணும். அடியில ஒரு இடுக்குல நான் சணலே வைக்கல. சோப்பையும் சாம்பலையும் பிசைஞ்சு பூசி, மேல கரி தடவினேன். பார்வைக்குத் தார்தான். தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா கரையும்.

"எல்லாம் சரியாண்ணே?"ன்னு கேட்டான்.

"கிளம்புடா"ன்னேன்.

துறையைத் தாண்டுறதுக்குள்ள ஒழுகும், நனைஞ்ச கோழி மாதிரி திரும்பி வருவான், போற பேச்சை விட்டுடுவான்னுதான் நினைச்சேன். இத்தனை வருஷமா எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். கப்பல் நடு ஏரியில முழுகிச்சு. உங்கப்பா கரைக்கு வரவே இல்லை. உங்கம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் அழுதா. நீ என்னை அப்பான்னு கூப்பிட ஆரம்பிச்சப்போ நான் திருத்தல. பாவி, எனக்கு அது இனிச்சுது.

பேனாவை ஏம்மா கீழ வெச்சுட்டே? இதையும் எழுதிக்கோ. ஒரு தடவை பூசினா துறைக்குள்ளயே கரைஞ்சிடும்னு எனக்கு நல்லாத் தெரியும். அது காயற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்து, மேல இன்னொரு தடவையும் பூசினேன்.