அடிக்காமல் விட்ட விலாசம்

தேநீரில் எனக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும். நீங்கள் வரவழைத்தது சரியாகவே இருந்தது, நன்றி. கேட்டதை எல்லாம் சொல்கிறேன். அவசரம் இல்லையே?

பதினெட்டு வருடமாகக் காவல் நிலையத்தில் எழுத்தராக இருக்கிறேன். இணையத்தில் ஒருவர் மனம் புண்படும்படி எழுதினாலே குற்றம் என்று போன வருடம் சட்டம் வந்தது. அந்தப் புகார்களைப் பதிவது என் வேலை. முன்பெல்லாம் நாளைக்கு ஐந்து பேர் வருவார்கள், இப்போது ஐம்பது பேர். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர், தன் அறிவிப்புக்குக் கீழே யாரோ சிரிப்புப் படம் போட்டதற்காக வந்தார். இன்னொருவரை அவருடைய மைத்துனரே வெத்துவேட்டு என்று எழுதிவிட்டாராம். "சட்டம் வந்தாலும் வந்துச்சு, ஊருக்கே ரோஷம் வந்துடுச்சுய்யா" என்பார் ஆய்வாளர். வந்தவர்களில் ஒருவரையும் எனக்குப் பிடித்ததில்லை. சீக்கிரம் முடிகிற புகார்களை முதலில் எடுப்போம், மாத அறிக்கை பார்க்க நன்றாக இருக்கும். மிரட்டல் புகார் என்றால் இழுக்கும். அதெல்லாம் கோப்புக் கட்டின் அடியில் கிடக்கும்.

அவளுடையதும் அடியில்தான் கிடந்தது. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவள். சிகிச்சைக்கு வந்த ஒருவன் பின்னாலேயே சுற்றியிருக்கிறான். இவள் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட்டாள். அதிலிருந்து கொன்றுவிடுவேன் என்று விதவிதமான கணக்குகளிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான்.

"பழைய வீட்டு வாசல்லயே வந்து நின்னான் சார். அதான் வீடு மாத்திட்டேன். புது விலாசம் மட்டும் அவனுக்குத் தெரியவே கூடாது."

"பாக்கலாம்மா. போய்ட்டு வாங்க."

ஆறு தடவை வந்தாள், எப்போதும் மதிய இடைவேளையில், கையில் சாப்பாட்டுப் பையோடு. ஆறாவது தடவை வந்த அன்று மாலை இணையத்தில் தன் பக்கத்தில் எழுதினாள்: 'புகார்ப் பிரிவில் ஒருவர் இருக்கிறார். நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் பதினோரு கொட்டாவி விட்டார். என் புகாருக்கு இன்னும் எண் விழவில்லை.'

ஊரே அதைப் படித்தது. "ஏங்க, இது நீங்கதானே?" என்று என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மறுநாள் ஆய்வாளரே, "கொட்டாவி, அந்தக் கோப்ப எடு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பதினெட்டு வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

சட்டம் எனக்கும் உண்டு அல்லவா? நானும் புகார் கொடுத்தேன். அன்றே எண் போட்டு, அன்றே அவளுக்கு அறிவிப்பு அனுப்பினேன். அவள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"கொலை மிரட்டலவிட கொட்டாவி பெருசா சார்?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. உங்க புகாரையும் இன்னிக்கே எடுத்துடறேன்" என்றேன்.

சொன்னபடி எடுத்தேன். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அறிவிப்போடு புகாரின் நகலையும் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். நகலில் புகார் கொடுத்தவரின் விலாசத்தைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு அனுப்புவோம். அது எங்கள் பிரிவில் நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது, நீங்களே தேடிப் பாருங்கள்.

பேனாவைக் கையில் எடுத்தேன். விலாசத்தை விவரமாகவே எழுதியிருந்தாள். ஆபத்து என்றால் போலீஸ் சீக்கிரம் வர வேண்டும் என்று, இரண்டாம் மாடி, பின்பக்கப் படிக்கட்டு என்றுகூடக் குறித்திருந்தாள். ஒரு தடவை படித்தேன். பேனாவை மூடி வைத்தேன். உறையை ஒட்டி, தபால் தட்டில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

உறை கிடைத்த மறுநாள் அவன் அந்தப் பின்பக்கப் படிக்கட்டில் ஏறினான். மிச்சமெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. படங்களை நான் பார்க்க வேண்டியதில்லை.

வேலைப்பளு, மறந்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். உங்களுக்கு நல்ல மனது. ஆனால் நான் மறக்கவில்லை. கொஞ்சம் பயப்படட்டும் என்று நினைத்தேன் என்று சொன்னாலும் நீங்கள் நம்புவீர்கள். அதுவும் இல்லை. அவன் அனுப்பிய செய்திகள் ஒவ்வொன்றையும் படித்து, கையெழுத்திட்டு இணைத்தவன் நான். போனால் அவன் என்ன செய்வான் என்று தெரிந்துதான் அனுப்பினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். எதிர்த்தரப்பு இறந்துவிட்டதால் என் புகாரை மூடிவிடலாம் என்று ஆய்வாளர் சொல்கிறாராம். அதை மட்டும் மூடாதீர்கள். அவள் இன்னும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.