ஒரு எச்பி மோட்டாரும் ஆயிரம் அடி போரும்

"போச்சு சுதா! ஒரு எச்பி மோட்டாரு ஆயிரம் அடி போர்ல தண்ணி எடுக்குமாம்!"

அன்னூர்ப் பேருந்தில் என் முன் இருக்கைப் பெண் மடிக்கணினியைப் பார்த்து அலறினாள். எந்த மோட்டார் எவ்வளவு ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கும் என்று சொல்ல ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். பத்து மணிக்கு ஒரு பம்ப்செட் முதலாளியிடம் அதைக் காட்டித்தான் அவள் வேலை கேட்க வேண்டுமாம்.

"கத்தாத கண்ணு. உன்ற புரோகிராமுல இருக்கற ஃபங்ஷனுக்கு மொதல்ல எதக் குடுக்கோணும்?" என்றாள் பக்கத்திலிருந்த சுதா.

"ஆழம். அப்புறம் எச்பி."

"நீ குடுத்தது?"

"ஒன்னு, ஆயிரம்... ஐயோ, மாத்திக் குடுத்துப்போட்டேன்!"

"அது வரிசைப்படிதான் வாங்கும். ஒரு அடிக் கெணத்துக்கு ஆயிரம் எச்பி மோட்டாரு போட்டா ஏன் எடுக்காது? எச்பி இத்தன, ஆழம் இத்தனன்னு பேரச் சொல்லிக் குடு. அப்ப எது முன்னால வந்தாலும் சரியா எடுத்துக்கும்."

அந்தப் பெண் திருத்தினாள். "எடுக்காதுன்னு சொல்லிருச்சு!" இருவரும் கைதட்டிக்கொண்டார்கள்.

எதிர் இருக்கை விவசாயி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, எங்க போரையும் கேளுங்க. எச்பி ஏழரை, ஆழம் அறநூறு."

"பாருடி, பேரச் சொல்லியே குடுக்கறாரு!" என்றாள் சுதா.

அந்தப் பெண் தட்டிப் பார்த்தாள். "எடுக்குமுங்க."

"தெனமும் எடுக்குதுங்க. உங்க மெசினுக்குத் தெரியுதான்னுதான் பாத்தேன். தெகிரியமாப் போயி காட்டுங்க."