கதவில் சாத்திய துடைப்பம்

1966 டிசம்பர் 22, பிற்பகல் மூன்று மணி. ஸ்வீடனின் வடக்கே, வில்ஹெல்மினா ஊருக்குப் போகும் காட்டுச் சாலையில், கோதன்பர்க்கிலிருந்து வந்த பேருந்து ஒன்று பனிக்குவியலில் சிக்கி நின்றது. உள்ளே முப்பத்தொரு பேர். எல்லாரும் தெற்கே தொழிற்சாலை வேலைக்குப் போய், கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்புகிறவர்கள். நானும் அதில் ஒருவன்.

அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. பனி தள்ளும் வண்டி வர நேரமாகும் என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் விளக்கை அணைத்தார். குளிருக்குப் பயந்து எல்லாரும் முன்பக்கம் வந்து நெருக்கி உட்கார்ந்தோம். ஈரக் கம்பளியின் நாற்றம். யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாராவது ஏதாவது பேசுங்கப்பா. இல்லேன்னா கன்போர்க் பாட ஆரம்பிச்சிடுவா" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"உன் குறட்டைக்கு என் பாட்டு எவ்வளவோ தேவலை. ராத்திரி பூரா கேட்டுட்டுத்தானே வர்றோம்" என்றாள் தையல் ஆலையில் வேலை செய்யும் கன்போர்க்.

ஜன்னலோரம் இருந்த எவர்ட் சிரிக்கவில்லை. கப்பல் கட்டும் பட்டறையில் இரும்பு பற்றவைப்பவர், ஐம்பது வயது. அத்தனை நெருக்கடியிலும் பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்து யாரையும் உட்கார விடாமல் வந்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன்" என்றார். "என் வீட்டுக்காரியோட சித்தப்பா மகன்... சிக்ஸ்டனுக்கு நடந்தது."

போன வருடம் நவம்பர் இரண்டாம் தேதி. விடிகாலை ஐந்து மணி. கிரான்சோ கிராமத்தின் கடைசி வீடு சிக்ஸ்டனுடையது, அதற்கப்பால் காடுதான். மரம் வெட்டுவதற்கு இயந்திரம் வந்துவிட்டது, சிக்ஸ்டனுக்கு வேலை போய்விட்டது. தெற்கே கோதன்பர்க் கார் தொழிற்சாலையில் இடம் இருப்பதாக வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சொன்னார்கள். லாரிக்கும் அவர்களே ஏற்பாடு செய்தார்கள். சிக்ஸ்டனும் மனைவி ஹில்டுரும் கிளம்பினார்கள்.

தம்பி ஹெல்மர் வரமாட்டேன் என்றான். முந்தின நாள் அண்ணன் தம்பிக்குள் பெரிய சண்டை. காலையில் அவன் மாடியறையை விட்டு இறங்கவே இல்லை.

"டேய் ஹெல்மர்! போறோம்டா!"

மேலே கட்டில் இரண்டு தடவை கிறீச்சிட்டது... அவ்வளவுதான். சிக்ஸ்டன் வெளியே வந்தான். கதவை இழுத்து மூடினான். லாரியில் ஏறினான்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலையில் இருந்த எங்கள் ஊர்க்காரர்கள் நாலு பேரைக் காபிக்கு அழைத்திருந்தான். ஹில்டுர் ஏலக்காய் ரொட்டி சுட்டு வைத்தாள். மூன்று மணி, நாலு மணி... யாரும் வரவில்லை. காபி ஆறிப்போனது.

மறுநாள் வேலையிடத்தில் கேட்டான். "என்னப்பா, மூணாவது மாடி ஏற முடியாத கிழவங்களாயிட்டீங்களா?"

"வந்தோமேப்பா. நீதான் எங்கயோ போயிட்டே. கதவுல துடைப்பம் சாத்தியிருந்துச்சு."

பேருந்தில் யாரோ இருமினார்கள். எங்கள் பக்கம் வீட்டைப் பூட்டுவதில்லை. உள்ளே ஆள் இல்லை என்றால் வெளியே கதவில் துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் போவோம். துடைப்பம் நிற்கிற வீட்டுப் படியை யாரும் மிதிக்க மாட்டார்கள். ஆனால் கோதன்பர்க் வீட்டில் சிக்ஸ்டனிடம் துடைப்பமே கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை நாலரை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கதவுக்கு வெளியே... சரக். மரப்பிடி ஒன்று பலகையில் சரிந்து நிற்கும் சத்தம். திறந்தான். யாரும் இல்லை. மிதியடி மேல் ஒரு பிடி பனி, மாவு மாதிரி. உருகவில்லை. தெருவில் மழை பெய்துகொண்டிருந்தது. அணைந்த அடுப்பின் சாம்பல் நாற்றம் படிக்கட்டு முழுக்க.

ஹில்டுர் பின்னால் வந்து பார்த்தாள். "என்னங்க, இப்படி வெளுத்துப் போயிட்டீங்க?"

அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்குக் கதவை மூடிய கை, பழக்க தோஷத்தில், மூலையிலிருந்த துடைப்பத்தையும் எடுத்துச் சாத்தியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உள்ளே தம்பி இருக்க.

கிரான்சோவில் கடையில்தான் தொலைபேசி உண்டு. தெருமுனைத் தொலைபேசிக்கு ஓடிப்போய்க் கடைக்காரரை எழுப்பினான். "ஹெல்மரைப் பாத்தீங்களா?"

"என்னப்பா கேக்கறே? அவனும் உங்ககூட வந்துட்டான்னுல்ல இருந்தோம்" என்றார் கடைக்காரர். "துடைப்பம் நிக்குதே."

கடைக்காரரும் தபால்காரரும் போய்ப் பார்த்தார்கள். மாடிப்படியில் விழுந்து, தொடை எலும்பு முறிந்து, கதவு வரை தவழ்ந்து வந்து செத்துக் கிடந்தான் ஹெல்மர். கை எட்டும் உயரத்துக்குக் கதவுப் பலகையில் நகக்கீறல்கள்; கைப்பிடி வரை எட்டவில்லை. அடுப்பு அவன் விழுந்த அன்றைக்கே அணைந்திருக்க வேண்டும். தபால்காரர் அந்த மூன்று வாரத்தில் நாலு தடவை படி வரைக்கும் வந்து திரும்பியிருக்கிறார்.

உள்ளே சத்தம் எதுவும் கேட்கவில்லையா என்று காவலர் கேட்டாராம்.

"துடைப்பம் இருந்துச்சுங்க" என்றார் தபால்காரர். "அப்புறம் நான் எதுக்குக் காது குடுக்கப் போறேன்?"

அவர்கள் கதவைத் திறக்கப் போன நாளன்று துடைப்பம் அங்கே இல்லை. சுற்றிலும் தேடினார்கள். பனியில் காலடியும் இல்லை.

அடக்கம் முடிந்தது. ஹில்டுர் தெற்கே திரும்பவில்லை. சிக்ஸ்டன் தனியாக வந்தான். காலையில் சத்தம் நிற்கவில்லை. சரக்... தினமும். ஒரு நாள் கதவைக் கீல்களோடு கழற்றிக் கொண்டுபோய் நிலவறையில் போட்டுவிட்டான்.

"கதவே இல்லாம எப்படி இருக்கேன்னு கேட்டேன்" என்றார் எவர்ட். "சாத்தறதுக்கு இடம் இருந்தாத்தானே சாத்துவான்னான். வசந்த காலத்துல கொஞ்சம் நல்லாத்தான் இருந்தான். ஒருநாள் சிரிச்சான்கூட."

போன சனிக்கிழமை மாலை எவர்ட் அவனைப் பார்க்கப் போனார். இந்தப் பேருந்துக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து இடம் பிடித்திருந்தார். மூன்றாவது மாடி ஏறினார். எதிர் வீடு காலி. சிக்ஸ்டனின் வாசல் திறந்து கிடந்தது, நடையில் விளக்கு எரிந்தது.

"வாசல்ல துடைப்பம் நின்னுச்சு. நம்ம ஊர்ல கட்டற பிர்ச் மரக் குச்சி. குச்சியெல்லாம் பனி."

"கதவுதான் இல்லையே" என்றாள் கன்போர்க். "எது மேலண்ணே சாஞ்சு நின்னுச்சு?"

எவர்ட் ஜன்னல் கண்ணாடியின் உறைபனியை நகத்தால் சுரண்டினார்.

"சாஞ்சு நின்னுச்சும்மா. அவ்வளவுதான்."

"நீங்க உள்ள போனீங்களா?"

"துடைப்பம் இருந்துச்சே..." என்றார். "திரும்பிட்டேன். காலு தானா இறங்குது. ரெண்டாவது மாடி தாண்டறப்ப என் பேரைச் சொல்லி யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. நான் நிக்கலை."

திங்கட்கிழமை காலை கட்டடக் காவலாளி சிக்ஸ்டனைப் பார்த்தார். நடையில், வாசலை நோக்கிக் கை நீட்டியபடி கிடந்தான். மாரடைப்பு. ஞாயிறு மதியம் வரை உயிர் இருந்திருக்கும் என்றார் மருத்துவர்.

"நாளைக்கு அடக்கம்" என்றார் எவர்ட். பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் யாரும் போய் உட்காரவில்லை.

நாலு மணிக்குமேல் பனி தள்ளும் வண்டி வந்தது. ஐந்தரைக்குக் கிரான்சோவில் நிறுத்தினோம். சாலையோரமே எவர்ட்டின் வீடு. ஜன்னல்களில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் எரிந்தது, சமையலறையில் அவர் மனைவியின் நிழல் நடமாடியது. பேருந்தின் முகப்பு விளக்கு நேராக வாசலில் விழுந்தது. கதவில் எதுவும் சாத்தியிருக்கவில்லை.

எவர்ட் கதவின் ஓரத்தையே பார்த்தபடி முதல் படிக்கு முன்னால் பையோடு நின்றார். படியில் கால் வைக்கவில்லை.

ஓட்டுநர் ஒரு நிமிடம் காத்திருந்தார். இரண்டு தடவை ஒலிப்பானை அழுத்தினார். பிறகு வண்டியை எடுத்தார்.